டி-யில் உதறுகிறதா, என்-னில் உதறுகிறதா?

பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "நாசில் போயிடுச்சு சார்." டீசல் கார் உதறுகிறது என்று பட்டறையில் போய் நின்றால் பெரும்பாலும் காதில் விழுவது இதுதான். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் நாசில் என்று அவர்கள் சொல்லும் இன்ஜெக்டர் புதிதாக ஒன்று வாங்க விலை ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. "ஒண்ணு போச்சுன்னா மத்ததும் போகும், நாலையும் மாத்திடுங்க" என்பது அடுத்து வரும் வாக்கியம். நாலையும் மாற்றிய பிறகும் வண்டி உதறினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அங்கே பதில் இருக்காது.

உதறல் ஒரே நோயின் அறிகுறி அல்ல. எரிபொருள், காற்று, அழுத்தம், என்ஜினைத் தாங்கும் ரப்பர், கியர்பெட்டி இவற்றில் எது கெட்டாலும் ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவருக்குத் தெரிவது ஒரே நடுக்கம்தான். ஆட்டோமேட்டிக் வண்டியில் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் கிளட்ச் பெடல் இல்லை. மேனுவல் வண்டியில் கிளட்சை மிதித்தவுடன் என்ஜின் தனி, கியர்பெட்டி தனி. நடுக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்யக்கூடியது கியர் லீவர்தான். காசு கொடுத்து வாங்கிய எந்த ஸ்கேனரையும்விட முதலில் பயன்படுத்த வேண்டிய கருவி அது என்பது என் கட்சி.

அதற்கும் முன்னால், வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் டீசல் கார்களில் மூன்று வகை ஓடுகின்றன. இன்னோவா கிரிஸ்டா 2.8, கிரெட்டா 1.6 சிஆர்டிஐ, எக்ஸ்யூவி 500 ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக்குகள் டார்க் கன்வர்ட்டர் வகை. வென்டோ, ரேபிட் டீசல்களில் வந்த டிஎஸ்ஜி என்பது இரட்டைக் கிளட்ச். டிசையர் டீசலிலும் நெக்ஸான் டீசலிலும் வந்த ஏஎம்டி சாதாரண மேனுவல் கியர்பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம்.

டார்க் கன்வர்ட்டரில் என்ஜினையும் கியர்பெட்டியையும் இணைப்பது எண்ணெய். சிக்னலில் பிரேக்கை அழுத்தி லீவரை டி-யில் விட்டு நின்றால், என்ஜின் பக்கத்துத் தகடு சுழன்றபடி எண்ணெயைத் தள்ளுகிறது; கியர்பெட்டி பக்கத்துத் தகடு சுழல முடியாமல் நிற்கிறது. அதாவது, வண்டி நின்றாலும் என்ஜின் ஒரு சுமையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. லீவரை என்-னுக்குத் தள்ளினால் அந்தச் சுமை போய்விடும். இரட்டைக் கிளட்சிலும் ஏஎம்டியிலும் பிரேக்கை மிதித்து நிற்கும்போது கிளட்ச் விலகிவிடுவதால் டி-யும் என்-னும் என்ஜினுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றில் டி-யில் மட்டும் நடுங்கினால் கிளட்ச் முழுக்க விலகவில்லை என்று சந்தேகிக்கலாம். டார்க் கன்வர்ட்டரில் அதே அறிகுறி வேறு கதை சொல்லும்.

சோதனை எளிது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், கைப்பிரேக் போட்டு, கால்பிரேக்கை அழுத்தி, வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஏசியை அணைத்துவிட்டு என், டி, ஆர் என்று மாற்றி ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் விட வேண்டும். பிறகு ஏசியைப் போட்டு அதையே இன்னொரு முறை. மூன்றிலும் ஒரே மாதிரி உதறினால் குறை என்ஜினுக்குள் இருக்கிறது. என்-னில் அமைதி, டி-யில் நடுக்கம், ஆர்-இல் மறுபடி அமைதி என்றால் என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். முன்கியரிலும் பின்கியரிலும் என்ஜின் எதிரெதிர்ப் பக்கமாகச் சாய முயல்கிறது; கிழிந்த ரப்பர் ஒரு பக்கச் சாய்வில்தான் இரும்போடு இரும்பாக உட்காரும். இப்போதைய மவுண்டிங்குகள் பலவற்றில் ரப்பருக்குள் திரவம் இருக்கிறது. அது கசிந்துவிட்டால் ரப்பர் பார்வைக்கு முழுதாக இருந்தாலும் வேலைக்கு உதவாது. மவுண்டிங்கைச் சுற்றிக் கருப்பாக, பிசுபிசுப்பாக ஏதாவது வழிந்திருந்தால் அதுவே போதுமான சாட்சி. கீழே இருக்கும் டார்க் ராடின் புஷ்ஷையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கம்.

நடுக்கத்தின் வேகமும் சாட்சி சொல்லும், கணக்கும் சின்னதுதான். நான்கு சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில் 750 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் எரிகிறது. ஆக நொடிக்கு 25 வெடிப்பு. மவுண்டிங் கெட்டால் உள்ளே வருவது இந்த 25-தான்: ரீங்காரம் போன்ற, கண்ணாடியும் டேஷ்போர்டும் அதிரும் மெல்லிய நடுக்கம். ஒரே ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் முறை நொடிக்கு ஆறு தடவைதான் வருகிறது. கனமான, ஏறக்குறைய எண்ணிவிடக்கூடிய குலுக்கல் அது. சைலன்சர் வாயில் கையைக் காட்டினால் புகை சீராக வராமல் விட்டுவிட்டு வரும். "மிஸ்ஸிங்" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ரீங்காரமா, குலுக்கலா என்று வண்டிக்காரர் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பட்டறையில் பாதி வேலை மிச்சம்.

மிஸ்ஸிங் என்று உறுதியானால் எந்தச் சிலிண்டர் என்பது அடுத்த கேள்வி. பழைய டீசல் மெக்கானிக்குகளிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறும். செத்த சிலிண்டரில் மாறாது. காமன் ரெயில் இல்லாத பழைய பம்ப் வண்டிகளில் இது அருமையான சோதனை. காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாகக் கார்களுக்குள் வந்து, 2002-இல் நம் ஊர் ஆக்சென்ட் சிஆர்டிஐயிலும் இடம்பிடித்த இந்த முறையில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயிலிலிருந்துதான் டீசல் போகிறது. ஒரு நட்டைத் தளர்த்தினால் ரெயில் அழுத்தமே சரிந்து என்ஜின் நின்றுபோகும், எதுவும் தெரியவராது. அதைவிடப் பெரிய விஷயம் ஆபத்து. ஐடிலிங்கிலேயே ரெயிலில் 250 முதல் 350 பார் வரை அழுத்தம் இருக்கும். முழு மிதியில் 1600-ஐத் தாண்டும், புது வண்டிகளில் 2000 வரை போகும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், அவசர அறுவை சிகிச்சை வரை போகும். கசிவைத் தேட விரலைக் காட்டாமல் அட்டைத் துண்டைக் காட்டச் சொல்வது இதனால்தான். அனுபவம் மிகுந்த கைகள்தான் நட்டைத் தளர்த்தும் இந்தத் தவறைச் செய்கின்றன என்பது வருத்தம்.

நட்டைத் தளர்த்தும் வேலையை இப்போது ஸ்கேனர் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டராக மின்சாரத்தை நிறுத்தி ஐடிலிங் எவ்வளவு விழுகிறது என்று காட்டும். அதைவிட நுணுக்கமானது, சிலிண்டர் வாரியான திருத்த அளவு. கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பல வண்டிகளில் அந்தச் சக்கரம் 60 பல்லுக்கான இடத்தில் இரண்டு பல் இல்லாத இடைவெளி கொண்டது. ஒரு சிலிண்டர் எரிந்தவுடன் கிராங்க் சற்று வேகமெடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் மந்தம் என்று என்ஜினின் கணினியான ஈசியு கணக்குப் போட்டு அதற்கு மட்டும் கொஞ்சம் டீசலைக் கூட்டும். துள்ளும் சிலிண்டருக்குக் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தல்தான் திரையில் வரும் எண். நான்கும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் ஒதுங்கி நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஈசியு திருத்திக்கொண்டே இருப்பதால் கெட்டுக்கொண்டிருக்கும் இன்ஜெக்டர் வெகுநாள் வெளியே தெரியாது. திருத்தம் எல்லையைத் தொட்ட பிறகுதான் உதறல் தெரியும், அப்போது "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்போம். இன்னொன்று, கூடுதல் திருத்தம் கேட்கும் சிலிண்டரில் இன்ஜெக்டர்தான் பழுது என்று அந்த எண் சொல்லவில்லை. அழுத்தம் குறைந்த சிலிண்டரும் அதே எண்ணைத்தான் காட்டும். பிரித்தறிய வேண்டுமானால் அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். கோளாறு இன்ஜெக்டரோடு இடம் மாறினால் இன்ஜெக்டர். பழைய இடத்திலேயே நின்றால் சிலிண்டர். மாற்றும்போது அடியில் இருக்கும் காப்பர் வாஷர் புதிதாக இருக்க வேண்டும். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஈசியுவில் திரும்ப எழுத வேண்டும். தயாரிப்பின்போது ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசல் விடுகிறது என்று அளந்து கொடுத்த குறியீடு அது. அதை எழுதாமல் விட்டால் நல்ல இன்ஜெக்டரும் உதறலாம். புது இன்ஜெக்டர் போட்டும் உதறும் வண்டிகளில் முதலில் நான் கேட்கச் சொல்வது இந்தக் கேள்வியைத்தான்: "கோடிங் பண்ணீங்களா?"

கழற்றாமலே செய்யக்கூடிய ரிட்டர்ன் சோதனையும் உண்டு. சோலினாய்டு வகை இன்ஜெக்டர்களில், திரும்பிப் போகும் மெல்லிய குழாய்களை எடுத்துவிட்டு நான்கிலும் ஒரே அளவுள்ள ஒளி ஊடுருவும் குப்பிகளை மாட்டி, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட விடுவார்கள். மூன்று குப்பியில் விரலளவு, நான்காவதில் அதைப்போல் இரண்டு மடங்கு என்றால் அந்த இன்ஜெக்டரின் உள்வால்வு தேய்ந்துவிட்டது. சூடான என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய நேரம் பிடிக்கிறது என்ற புகாரும் இதோடு சேர்ந்தே வரும். சூட்டில் டீசல் இளகி இன்னும் அதிகமாகக் கசிய, ரெயில் அழுத்தம் ஏறத் தாமதமாகிறது. இன்ஜெக்டரின் அடியில் காப்பர் வாஷர் கசிந்தால் அடையாளமே வேறு: "சக் சக்" என்று காற்று விடும் சத்தம், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கெட்டியான கரி. கவனிக்காமல் விட்டால் இன்ஜெக்டர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கழற்றுவதே தனிச் செலவு.

இவ்வளவு தூரம் வருவதற்கு முன், டீசல் ஃபில்டரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால், தண்ணீர் இருந்தால் கீழே தங்கும், மேலே டீசல் தெளிந்து நிற்கும். நடுவே தெளிவான கோடு. மழைக்காலத்தில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பிய மறுநாளே உதற ஆரம்பித்த வண்டிக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவதும் தெரியும். ஃபில்டர் மாற்றிய கையோடு வரும் கோளாறுகளில் காற்று எடுப்பதுதான் முதல் சந்தேகம்.

காற்றுப் பக்கத்தில் தலையாய குற்றவாளி இஜிஆர் வால்வு. எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்புவது அதன் வேலை. கரி அடைத்து முழுக்க மூடாமல் நின்றுவிட்டால் ஐடிலிங்கில் என்ஜின் மூச்சுத் திணறும், கருப்புப் புகை வரும். டர்போ ஹோஸில் விரிசல் இருந்தால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. மிதித்தால் "உஸ்" என்ற சத்தமும் பிக்கப் குறைவும். சாவியை அணைக்கும் அந்த நொடியில் மட்டும் என்ஜின் ஒரு உதறு உதறி நின்றால் காற்றை அடைக்கும் த்ராட்டில் மடல் வேலை செய்யவில்லை. இதற்கும் இன்ஜெக்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காலை முதல் ஸ்டார்ட்டில் உதறி, வெள்ளைப் புகை விட்டு, இரண்டு நிமிடத்தில் அமைதியாகும் வண்டிக்கு ஹீட்டர் பிளக் என்று சொல்லிவிடுவது எளிது. ஊட்டியில் ஜனவரி விடியலில் அது நியாயமான சந்தேகம். சென்னையில், மார்கழியிலும் இருபது டிகிரியை ஒட்டி நிற்கும் காலைகளில், நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினுக்கு ஹீட்டர் பிளக்கின் தேவை மிகக் குறைவு. அங்கே அதே அறிகுறி வந்தால் இரவில் சொட்டும் இன்ஜெக்டரையோ சிலிண்டர் அழுத்தத்தையோ பார்ப்பது உசிதம். நீலப் புகை என்றால் எரிவது என்ஜின் ஆயில்.

நின்றால் ஒழுங்கு, ஓடும்போது மட்டும் உதறல். இங்கேதான் ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், மிதியை லேசாகப் பிடித்திருக்கும்போது, நெடுஞ்சாலையின் அதிர்வுக் கோடுகள் மேல் ஏறியது போல ஒரு நொடி இரண்டு நொடி அதிர்ந்து அடங்கும். மிஸ்ஸிங் என்றே தோன்றும். டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. சீரான வேகம் வந்ததும் எண்ணெய் வழிச் சறுக்கலைத் தவிர்க்க அது நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கெட்டாலோ கிளட்சின் பரப்பு தேய்ந்தாலோ அது பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கி அதிரும். இதைப் பிரித்தறிய ஒரு தந்திரம்: ஆளில்லாத நேரான சாலையில், அதிர்வு இருக்கும்போதே, மிதியை எடுக்காமல் பிரேக் விளக்கு மட்டும் எரியும் அளவுக்கு இடது காலால் பிரேக்கைத் தொட வேண்டும். பிரேக் சிக்னல் வந்ததும் லாக்-அப் விலகும். ஆர்பிஎம் முள் சற்று மேலே போய் அதிர்வு அந்தக் கணமே நின்றால், குற்றவாளி என்ஜினே இல்லை. நின்றுபோகாமல் தொடர்ந்தால் எரிபொருள் பக்கம் திரும்பலாம். பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தால் என்ஜின் வேகத்துக்கும் டர்பைன் (கன்வர்ட்டரின் கியர்பெட்டி பக்கத்துத் தகடு) வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். லாக்-அப் முழுக்கப் பிடித்த நிலையில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அதிரும்போது அந்த எண் ஆடும்.

இந்த அதிர்வுக்கு முதல் மருந்து கியர்பெட்டி எண்ணெயை மாற்றுவது. "லைஃப் டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்" என்று சொல்லும் சர்வீஸ் மையங்கள் உண்டு. கியர்பெட்டி தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டில் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கும் ஊர்ந்து நகரும் நெரிசலுக்கும் முந்தைய எண்தான் பொருத்தம் என்பேன். வண்டிக்குரிய எண்ணெயே வேண்டும்: ஹூண்டாய்க்கு எஸ்பி-4, டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ் என்று தனித்தனி. வடித்தால் பாதிதான் வெளியே வரும், மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். அதனால் வடித்து, ஊற்றி, ஓட்டி மறுபடி வடிக்க வேண்டியிருக்கும். அளவைப் பார்ப்பதும் எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான். கருகிய வாசமும் மினுக்கும் உலோகத் துகளும் வந்தால் எண்ணெய் மாற்றி ஒன்றும் ஆகாது.

இரட்டைக் கிளட்ச் வண்டியில் நகரத் தொடங்கும்போது மட்டும் அதிர்ந்தால் கிளட்ச் தகடு. சூடானால் கூடும், நெரிசலில் கூடும். அதிலிருக்கும் இரட்டை நிறை ஃபிளைவீல் தேய்ந்தால் ஐடிலிங்கில் கடகடவென்று சத்தமும், என்ஜினை அணைக்கும்போது ஒரு தட்டலும் கேட்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது. சைலன்சர் வழியிலுள்ள டிபிஎஃப் ஃபில்டரில் சேரும் கரியைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டி தானாகவே எரிக்கிறது. அப்போது ஐடிலிங் சற்று ஏறும், என்ஜினின் குரல் கரகரக்கும், ரேடியேட்டர் விசிறி விடாமல் ஓடும், மைலேஜ் விழும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி. இதைக் கோளாறு என்று நினைத்துப் பாதியில் அணைத்துவிடுகிறவர்கள் பலர். அடிக்கடி அப்படி நடந்தால் கரியை எரிக்கக் கூடுதலாக விடப்பட்ட டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருப்பதைக் கண்டால் சந்தோஷப்படக் கூடாது.

எதிலும் சிக்காத வண்டிகள் மிஞ்சும். ஆல்டர்னேட்டரின் ஒன்வே புல்லி இறுகிப்போனால் பெல்ட் டென்ஷனர் துள்ளி, ஐடிலிங்கில் என்ஜினே உதறுவது போல இருக்கும். பானட்டைத் திறந்து டென்ஷனரைப் பத்து நொடி பார்த்தால் தெரியும். கடைசியில் சிலிண்டர் அழுத்தம். நான்கு அளவுகளும் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் வால்வு, ரிங், கேஸ்கெட். பெரிய செலவுக்குப் போகும் வழி இதுதான் என்பதால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டை வைத்துச் சிலிண்டர்களை ஒப்பிடும் சோதனையை முதலில் செய்துவிட்டு, அதில் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் ஹீட்டர் பிளக் துளை வழியாக கேஜ் மாட்டி அளப்பது நல்லது.

ஸ்கேனரில் கோளாறு கோட் வரவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. மவுண்டிங்குக்கும் காப்பர் வாஷருக்கும் சென்சாரே கிடையாது. வந்த கோடும் வழிகாட்டுவது ஓரளவுக்குத்தான். பி 0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு என்று மட்டும் பொருள். அடைத்த ஃபில்டரும், காற்று எடுக்கும் குழாயும், தேய்ந்த பம்பும், ஒழுகும் இன்ஜெக்டரும் அதே எண்ணைத்தான் எழுதும். ஆகவே பட்டறையில் வண்டியை விடும்போது "உதறுது" என்று ஒற்றைச் சொல்லில் விடாமல் சூட்டிலா குளிரிலா, லீவர் எதில், ஏசி போட்டா, என்ன வேகத்தில், எத்தனை நொடி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான்கு சிலிண்டரின் திருத்த எண்களையும் வேலைக்கு முன்னும் பின்னும் கைபேசியில் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அதே தாளில் உள்ள நிலைமைகளில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பில்லைக் கட்டுங்கள்.